ஊருணியா, கிட்டங்கியா?

செட்டிநாட்டிலே 'கிட்டங்கி' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. சரக்கைக் கொண்டுவந்து அடுக்கி வைக்கும் இடம். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நம் பக்கத்து லேவாதேவிக்காரர்கள் கடை வைத்த காலத்தில், அவர்களுடைய கணக்குப் பெட்டியும் ஆட்களும் இருந்த கட்டடத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. முதலாளி காரைக்குடியில் இருப்பார். ரங்கூன் கடையில் அவர் பெயரால் கையெழுத்துப் போட ஓர் ஏஜெண்டு இருப்பார். கடன் கேட்டு வரும் பர்மா விவசாயி அதற்காகக் கப்பலேறிக் காரைக்குடிக்கு வரவேண்டியதில்லை. ஏஜெண்டிடம் கேட்டால் போதும். மூன்று வருஷத் தவணையில் ஆள் மாறுவார், கடை மாறாது.

இன்றைக்கு உங்கள் சட்டைப் பையிலிருக்கும் செல்போனில் ஒரு படக்காட்சி தடங்கலின்றி ஓடுகிறதே, அது ஓடுவதும் ஏறக்குறைய இதே ஏற்பாட்டினால்தான். ஏஜெண்டுக்கு அந்தத் துறையில் 'ப்ராக்ஸி' என்று பெயர். கிட்டங்கிக்கு 'கேஷ்' என்று பெயர். கேஷ் என்றதும் ரொக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உச்சரிப்பு ஒன்று, எழுத்து வேறு. ஆனால் ரொக்கம் இதில் புரளாமலில்லை. அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

விலைவாசி இருக்கிறது, ரேஷன் இருக்கிறது, கூலிப் பிரச்னை இருக்கிறது. இண்டர்நெட்டின் உள்விவகாரம் நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். அரிசி, பருப்பு வாங்குவதுபோல மாதந்தோறும் செல்போனுக்கும் பணம் கட்டாத தொழிலாளி வீடு இன்று எங்கே இருக்கிறது? 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் கட்டணத்தை உயர்த்தினவே, அந்த உயர்வு நம் சம்பளத்திலிருந்துதானே போயிற்று? அந்த மாதத்தில் லட்சக்கணக்கான சாமானிய மக்கள் பி.எஸ்.என்.எல்.லை நோக்கித் திரும்பியது பொழுதுபோக்குக்காகவா? 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, அப்பனின் ஒற்றைச் செல்போனுக்கு அண்ணனும் தங்கையும் மல்லுக்கு நின்றார்களே, அது வீட்டுக்கு வீடு நடந்த கதையல்லவா? ஆகவே இது நம் விவகாரம்தான்.

காரைக்குடிக்காரர்களுக்கு இதை விளங்கவைக்கச் சினிமாவை எடுத்துக்கொள்வதே சுலபம். தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் ஸ்டுடியோ நடத்திய காலம் ஒன்று உண்டு. 'நாம் இருவர்' அங்கே உருவாகி 1947இல் வெளிவந்தது. மறு வருஷம் ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. படம் இங்கே பிடிக்கப்பட்டாலும் அங்கே பிடிக்கப்பட்டாலும், ஜனங்கள் பார்த்தது எப்படி? படப்பெட்டி ஊருக்கு வந்தது. ரயிலில் வந்தது, பஸ் கூரையில் வந்தது, கடைசியில் டூரிங் டாக்கீஸுக்கு மாட்டு வண்டியிலும் வந்தது. ஒரு பெட்டி வந்தால் ஊரே பார்த்தது. ஒரே பிரதியை இரண்டு கொட்டகைக்குப் பங்கிட்டு, இங்கே ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் அங்கே கொண்டுபோய்க் கொடுத்த பையன்களை மூத்த தோழர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். தரை டிக்கெட்டில் உட்கார்ந்த ஒவ்வொரு ரசிகருக்கும் தனித்தனியாகச் சென்னையிலிருந்து ஒரு படப்பெட்டி வரவழைக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால், கொட்டகைக்காரர் அவரைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பியிருப்பார்.

ஆனால் இண்டர்நெட் அப்படித்தான் பிறந்தது! அங்கே கொட்டகை இல்லை. ஒவ்வொரு ரசிகரும் தனித்தனியே கேட்கிறார். கேட்ட ஒவ்வொருவருக்கும், கேட்ட நேரத்தில், முதலிலிருந்து ஒரு பிரதி புறப்பட்டு வரவேண்டும். கடிதம் போலச் சின்னச் சின்னச் சரக்கு போய்வந்த நாளில் இது பாரமாகத் தெரியவில்லை. படக்காட்சி வந்ததும் பாரம் முதுகை ஒடித்தது.

கணக்குப் போட்டே பார்ப்போம். அரை மணி நேரப் பாடம் ஒன்று. விநாடிக்கு ஒரு மெகாபிட் வீதம் ஓடும் சாதாரணப் படம். 1,800 விநாடிக்கு 1,800 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆக, 225 மெகாபைட். நாற்பது பிள்ளைகள் தனித்தனியே பார்த்தால் 9,000 மெகாபைட், அதாவது 9 ஜி.பி., அதே சரக்கு நாற்பது தடவை அதே சாலையில் வருகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தாலோ நாற்பது மெகாபிட் அகலமுள்ள வாய்க்கால் வேண்டும். ஊருக்குள் ஒரு கிட்டங்கி இருந்தால்? பெரிய சாலையில் 225 மெகாபைட் ஒரே ஒரு தடவை வரும். மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கும் ஊருக்குள்ளேயே பட்டுவாடா.

பெரிய கணக்கும் பார்க்கலாம். 2023 நவம்பர் 19ஆம் தேதி ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இந்தியா தோற்றுப்போன அந்த ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று அந்தக் கம்பெனியே அறிவித்தது. ஆளுக்கு விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று வைத்தாலும் 59 டெராபிட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் 2002இல் போட்ட கம்பிவடத்தின் முழுத் திறனே விநாடிக்கு 8.4 டெராபிட்தான். அப்படிப்பட்ட வடங்கள் ஏழைச் சேர்த்துக் கட்டினாலும் அன்றைய பாரத்தைத் தாங்கியிராது. பின் எப்படித் தாங்கியது? நாடெங்கும் சிதறிக் கிடந்த கிட்டங்கிகள் தாங்கின. ஆட்டத்தை ஒரு சில விநாடித் துண்டுகளாக நறுக்கி ஒவ்வொரு கிட்டங்கிக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஒரு துண்டை ஒரே நொடியில் ஆயிரம் பேர் கேட்டால், கிட்டங்கிக்காரன் அந்த ஆயிரத்தையும் ஒரு கேள்வியாக மடக்கி மேலே அனுப்பி, வந்த ஒரு துண்டை ஆயிரம் பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறான்.

துண்டு துண்டாக நறுக்கும் இந்த வேலையைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. 2009இல் ஆப்பிள் கம்பெனி ஒரு முறையைக் கொண்டுவந்தது; 2012இல் எல்லாருக்கும் பொதுவான சர்வதேச முறை ஒன்றும் ஏற்பட்டது. அதன்பிறகு படக்காட்சி என்பது நீண்ட ஓடையாக இல்லாமல் சின்னச் சின்னப் பொட்டலங்களின் வரிசையாகிவிட்டது. பொட்டலம் என்றால் எந்தக் கிட்டங்கியிலும் வைக்கலாமல்லவா? அதற்குச் சில வருஷங்கள் முன்பே, 1999இல், அமெரிக்காவில் சுபாப்ரதா சென், ஜெனிஃபர் ரெக்ஸ்போர்டு, டான் டவ்ஸ்லி என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஓர் அழகான யோசனை சொன்னார்கள்: முழுப் படத்தையும் வைக்க இடமில்லையா, ஒவ்வொரு படத்தின் ஆரம்பப் பகுதியை மட்டும் கிட்டங்கியில் வையுங்கள், ரசிகர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியைத் தூரத்திலிருந்து வரவழைத்துவிடலாம் என்று. பந்தியில் முதலில் பாயாசத்தைப் பரிமாறிவிட்டு, அதற்குள் சோற்றை வடித்துவிடும் சமையல்காரரின் சாமர்த்தியம்தான்!

இடம் எப்போதும் குறைவு என்பதால், எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கியெறிவது என்று கிட்டங்கி ஓயாமல் தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் வெகுநாளாக யாரும் கேட்காத சரக்கு முதலில் வெளியே போகும். இதில் ஒரு வர்க்கத் தன்மையும் இருக்கிறது, சிரிக்காதீர்கள். புதுப்படப் பாட்டு எப்போதும் கிட்டங்கியில் இருக்கும், நொடியில் ஓடும். ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைச் சாக்கோட்டை ஒன்றியத்தில் பத்துப் பிள்ளைகள்தான் கேட்டார்கள் என்றால், அது தூரத்திலிருந்து தவழ்ந்துதான் வரும். எதற்குக் கூட்டமோ அதற்குத்தான் கிட்டங்கியில் இடம். சந்தையின் நியாயம் அதுதான்.

இனி, கிட்டங்கி யாருடையது என்ற கேள்விக்கு வருவோம்.

முதலில் அது யாருடையதாகவும் இருக்க முடிந்தது. 1996இல் வெளிவந்த 'ஸ்குவிட்' என்ற ப்ராக்ஸி மென்பொருளைக் காசு கொடுக்காமல் எவரும் எடுத்துக்கொள்ளலாம், இன்றும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கல்லூரி ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டு வாசலில் உட்காரவைத்தால், மாணவர்கள் கேட்கும் சரக்கையெல்லாம் அது ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சரக்கின்மேலும், இதை எத்தனை காலம் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். சந்தேகம் வந்தால் ப்ராக்ஸி மேலே கேட்கும்: 'சரக்கு மாறியிருக்கிறதா?' மாறவில்லை என்றால் '304' என்ற மூன்று இலக்கம் மட்டும் பதிலாக வரும்; சரக்கு மறுபடி வராது. சிக்கனமென்றால் இதுவல்லவா சிக்கனம்! இண்டர்நெட் கம்பி மெலிந்து, விலை கொழுத்துக் கிடந்த அந்நாளில் இந்த ப்ராக்ஸிகள்தான் கல்லூரிகளின் மானத்தைக் காப்பாற்றின.

பிறகு பூட்டு வந்தது. 2013இல் அமெரிக்க உளவுத்துறை உலகத்தார் கடிதங்களையெல்லாம் உடைத்துப் படிப்பதை எட்வர்டு ஸ்னோடன் அம்பலப்படுத்தினார். அதன்பிறகு இண்டர்நெட்டில் போகும் ஏறக்குறைய எல்லாச் சரக்கும் அனுப்புவோரிடமிருந்து பெறுவோர் வரை பூட்டிய பெட்டியில் போகத் தொடங்கியது. பூட்டு வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். தொழிற்சங்கத் தோழர் அனுப்பும் செய்தியை வழியில் எவனும் பிரித்துப் பார்க்கக்கூடாது. ஆனால் அதன் விளைவு என்ன? வழியில் நிற்கும் பொதுவான ப்ராக்ஸி, பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று அறியாத வெறும் சுமைகூலியாகிவிட்டது. உள்ளே இருப்பது தெரியாதபோது எதைச் சேமித்து வைப்பது? சாவி யாரிடம் இருக்கிறதோ அவனே கிட்டங்கி வைக்க முடியும். சாவி படக் கம்பெனியிடம் இருக்கிறது.

ஆகவே இன்று கிட்டங்கி வைத்திருப்பது கூகுள், நெட்ஃபிளிக்ஸ், பேஸ்புக் போன்ற ராட்சதக் கம்பெனிகள். இல்லையென்றால் அவர்களுக்காகவே கிட்டங்கி நடத்தும் கம்பெனிகள். 1998இல் அமெரிக்காவில் பிறந்த அகாமாய் அவற்றில் மூத்தது. நெட்ஃபிளிக்ஸ் 2012இல் தனக்கென்றே தனிக் கிட்டங்கிப் பெட்டிகளைச் செய்து, இண்டர்நெட் இணைப்புக் கம்பெனிகளுக்கு இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. கூகுளும் அப்படியே கொடுக்கிறது. முதலாளி இலவசம் என்று சொன்னால் தொழிலாளி காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்! பெட்டி அவனுடையது. பூட்டும் அவனுடையது. உள்ளே எதை வைப்பது என்ற முடிவும் அவனுடையது. இடமும் மின்சாரமும் மட்டும் நம்மூர்க் கம்பெனியுடையது. அதிலும் ஒரு நிபந்தனை: குறிப்பிட்ட அளவுக்கு மேல் போக்குவரத்துள்ள பெரிய கம்பெனிக்குத்தான் பெட்டி. தெருத் தெருவாகக் கம்பி இழுத்து, தானே கம்பத்தில் ஏறி இறங்கி இணைப்புக் கொடுக்கும் உள்ளூர் கேபிள்காரர் அந்த அளவை எட்டமாட்டார். அவர் தமக்குப் போட்டியாக நிற்கும் பெரிய கம்பெனியிடமே தண்ணீர் மொண்டு விற்கவேண்டும். போட்டி எத்தனை நாள் நடக்கும்?

கிட்டங்கிக்காரன் வெறும் கிட்டங்கிக்காரனாகவே இருந்துவிடுவான் என்று நம்புகிறவர்கள் பர்மாவின் கதையைக் கேட்கவேண்டும். கடன் கொடுக்கத்தான் போனார்கள். நிலம் வாங்க வேண்டுமென்று யாரும் திட்டம் போட்டுக் கப்பல் ஏறவில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்தது. கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடன் பத்திரத்தின் வழியே கை மாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார் கடைகளின் பெயரில் இருந்தது. பிறகு யுத்தமும் பர்மா சர்க்காரின் சட்டங்களும் அதைக் கொண்டுபோயின என்பது வேறு. தனி மனிதர்களின் நல்ல குணம், கெட்ட குணம் பற்றிய விஷயமல்ல இது. நடுவழியில் உட்கார்ந்தவன் கைக்கு இரண்டு பக்கமும் வந்துசேரும் என்ற பொருளாதார விதி. படக்காட்சிக்கும் விதி வேறல்ல.

நம் பைக் காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடல் கடந்து வந்த சரக்கானாலும், பக்கத்து ஊர்க் கிட்டங்கியிலிருந்து வந்த சரக்கானாலும், நம் தினசரி ஒன்றரை ஜி.பி.யிலிருந்து கழிவது ஒரே அளவுதான். டவரிலிருந்து செல்போன் வரையுள்ள கடைசித் தூரத்துக்கே செலவு அதிகம் என்று கம்பெனிக்காரர் சொல்வார். அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீண்ட சாலைக்கு ஆகும் செலவைக் கிட்டங்கி மிச்சப்படுத்துகிறதே, அந்த மிச்சத்தைப் பற்றி நமக்கு வரும் ரசீதில் ஒரு வரியேனும் உண்டா?

இதைச் சொன்னதும் சிலர் ஒரு குறுக்கு வழி காட்டுவார்கள்: 'இன்ன கம்பெனியின் கிட்டங்கியிலிருந்து வரும் சரக்குக்கு மட்டும் காசு வேண்டாம் என்று வைத்துவிடலாமே?' கூடாது! இதே தூண்டிலைத்தான் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்ற பெயரில் பேஸ்புக் போட்டது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 2016 பிப்ரவரி 8ஆம் தேதி டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அதைத் தடுத்தது. எந்தச் சரக்கென்று பார்த்து விலையை மாற்றக்கூடாது என்பது அந்த உத்தரவின் சாரம். அது மக்களுக்குக் கிடைத்த வெற்றி. அதை ஒரு சலுகைக்காக விட்டுக்கொடுக்க முடியாது. 2022 நவம்பரில் டிராய் இன்னொரு சிபாரிசும் செய்தது. கிட்டங்கிக் கம்பெனிகள் சர்க்காரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று. பதிவு செய்யட்டும். பெயர்ப் பலகை மாட்டினால் கிட்டங்கி பொதுச் சொத்தாகிவிடாது.

அப்படியானால் வழி என்ன? வழி நம் கண்ணெதிரே இருக்கிறது. செட்டிநாட்டில் மழை குறைவு. ஆகவே பெய்யும் மழையை ஓடவிடாமல், ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்துக்கும், வீதி வாய்க்காலிலிருந்து ஊருணிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஊர் உண்ணும் நீர், ஊருணி. யார் வீட்டுக் கூரையில் விழுந்தாலும் ஊருணிக்கு வந்த தண்ணீர் ஊருக்குச் சொந்தம். (எல்லாச் சாதியாரையும் எல்லா ஊருணியிலும் இறங்கவிட்டார்களா என்பது தனி வழக்கு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.) கிட்டங்கிக்கும் ஊருணிக்கும் தொழில் ஒன்றுதான்: ஒருமுறை வந்ததைச் சேர்த்துவைத்துப் பலமுறை கொடுப்பது. வித்தியாசம் சாவியில்தான்.

பொதுச் சரக்குக்குப் பொது ஊருணி வெட்டச் சர்க்காரைத் தடுப்பது யார்? கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26இல் தொடங்கப்பட்டது. அதன் பாடங்கள் சர்க்காரின் சொத்து, அதாவது நம் சொத்து. இங்கே கூகுளிடம் சாவி கேட்டு நிற்க வேண்டியதில்லை. சாவி நம்மிடமே இருக்கிறது. ஆனாலும் நம் பிள்ளை நம் பாடத்தை யூடியூபில் தேடி, கூகுளின் கிட்டங்கி வழியாக, நம் காசில் பார்க்கிறது! இந்த வெட்கக்கேட்டை என்னவென்பது?

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஒரு டெராபைட் தட்டு. விலை சில ஆயிரம் ரூபாய். மேலே போட்ட கணக்குப்படி நாலாயிரம் பாடங்களுக்கு மேல் அதில் அடங்கும். தினம் பத்துப் புதுப் பாடம் வந்தாலும் 2.25 ஜி.பி.தான். நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை, ஊர் தூங்கும்போது, மெள்ள மெள்ள இறக்கினால் விநாடிக்கு ஒரு மெகாபிட்டுக்கும் குறைந்த வாய்க்காலே போதும். காலையில் மணி அடிக்கும்போது ஊருணி நிறைந்திருக்கும். பள்ளிக்கூடத்து வை-ஃபையில் பிள்ளைகள் பார்க்கும் பாடத்துக்கு அப்பனின் செல்போனிலிருந்து ஒரு மெகாபைட்கூடக் கழியாது. கம்பி அறுந்து இரண்டு நாள் இண்டர்நெட் இல்லையென்றாலும் பாடம் நிற்காது. நெட்ஃபிளிக்ஸ் தன் பெட்டிகளை இரவில் நிரப்புவது இதே முறையில்தான். அமெரிக்க முதலாளிக்குத் தெரிந்த சிக்கனம் ஊராட்சிப் பள்ளிக்குக் கூடாதா?

வாய்க்காலும் வெட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பாரத் நெட் இரண்டாம் கட்டத்தில், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் விநாடிக்கு ஒரு ஜிகாபிட் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோவதென்று திட்டம். அதற்காக டான்ஃபிநெட் என்ற மாநில சர்க்கார் கம்பெனியே ஏற்பட்டது. ஆனால் வாய்க்கால் வெட்டுகிறவர்கள் ஊருணியை மறந்துவிட்டால் தண்ணீர் யார் வயலுக்குப் போகும்? பொதுப் பணத்தில் போட்ட கம்பி முழுக்கப் புதுப்படமும் விளம்பரமும் ஓடி, பாடம் கடைசியில் நிற்கும்.

'சர்க்காரால் ஆகுமா, தனியார் சொத்துரிமை என்ன ஆவது' என்று தயங்குகிறவர்களுக்குப் பழைய சேதி ஒன்று. 'நாம் இருவர்' படத்தில் பாரதியார் பாடல்கள் ஒலித்தன. அந்தப் பாடல்களை இசைத்தட்டிலும் வானொலியிலும் பாடும் உரிமை அப்போது ஏ.வி.எம். கையில் இருந்தது; மகாகவியின் பாட்டைப் பாட ஒரு கம்பெனியின் அனுமதி வேண்டும் என்ற நிலை! தமிழகம் கேள்வி கேட்டது. 1949இல் சென்னை சர்க்கார் பாரதி பாடல்களைப் பொதுச் சொத்தாக்கியது. மெய்யப்பச் செட்டியாரும் தம் உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். தேவகோட்டை ரஸ்தாவில் ஒலித்த பாட்டு நாட்டுக்குச் சொந்தமானது. எழுபத்தைந்து வருஷத்துக்கு முன் பாட்டுக்கு நடந்தது, இன்று நம்முடையதாகவே இருக்கும் பாடத்துக்கு நடக்கக்கூடாதா?

சாக்கோட்டை ஒன்றியத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மே 1 கிராம சபைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஊராட்சி அலுவலகத்துக்குக் கண்ணாடி இழைக் கம்பி வந்துவிட்டதா, வந்திருந்தால் அதன் பெட்டியில் விளக்கு எரிகிறதா? அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் கம்பி எப்போது போகும்? கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களை ஊரிலேயே சேர்த்துவைக்கும் பெட்டிக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம்? பதில் வாயால் சொன்னால் போதாது. தீர்மானப் புத்தகத்தில் ஏறவேண்டும், கீழே கையெழுத்து விழவேண்டும், நகல் ஒன்று கிளைச் செயலாளர் கையில் இருக்கவேண்டும். காரைக்குடி மாநகராட்சித் தோழர்கள் அதே கேள்விகளை வார்டு கவுன்சிலரிடம் கேட்கலாம்.